ஹிக்மத் படுக்க வைத்த ராஜா

உஸ்பெகிஸ்தானில், ஃபெர்கானா நகரத்துப் பூங்காத் தேநீர்க்கடையில் போய் ஹிக்மத் எங்கே என்று கேட்டால் நேரான பதில் வராது. எந்த ஹிக்மத், மெஷின் ஹிக்மத்தா, ராஜாவைப் படுக்க வைத்த ஹிக்மத்தா என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். அது கேட்கிறவருக்கும் தெரியும், பக்கத்தில் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும் ஹிக்மத்துக்கும் தெரியும். ஒரு தடவை சீண்டிப் பார்ப்பதில் ஊராருக்கு ஒரு சந்தோஷம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

இரண்டு பெயர்களில் மூத்தது ராஜாவைப் படுக்க வைத்த கதை. டிராலிபஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த பெயர் அது. ஹிக்மத் அப்போது பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எது எங்கே நின்றுபோனது என்பதெல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். அவருடைய உயிர்த் தோழர் ஆர்கதி யூகாய், கொரிய வம்சாவளிக்காரர், கம்பி பழுதுபார்க்கிற மின்பணியாளர். ஏணி வண்டியின் உச்சியில் நின்றுகொண்டு மேலே ஓடும் மின்கம்பியைச் சரிசெய்வது அவர் வேலை. ஆனால் இரண்டு பேருக்கும் உண்மையான உத்தியோகம் சதுரங்கம்தான். ஆர்கதி மேலே கம்பியை முறுக்கிக்கொண்டே, கீழே நிற்கும் ஹிக்மத்திடம் தன் அடுத்த காய் எங்கே போகிறது என்று கத்துவார். ஹிக்மத் பதிலைக் கத்துவார். பலகையும் கிடையாது, காயும் கிடையாது. தெருவில் போகிற பெண்கள், கம்பியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு தள்ளி நடப்பார்கள்.

பணிமனையின் சதுரங்க வட்டத்தை நடத்தியவர் தலைமை மெக்கானிக் சலீமோவ். அவர் வகுத்த சட்டம் ஒன்று இருந்தது. தோல்வி கண்ணுக்குத் தெரிந்துவிட்டதென்றால் அதற்கு மேல் ஒரு காயையும் தொடக் கூடாது. ராஜாவைப் பலகையில் படுக்க வைத்துவிட்டு எழுந்து கைகொடுக்க வேண்டும். விருந்து முடிந்து, கையேந்தித் துவா செய்து, ஆமீன் சொன்ன பிறகும் எழுந்திருக்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறவனும், தோற்ற ஆட்டத்தை இழுக்கிறவனும் ஒன்று என்பார் சலீமோவ். அந்த வட்டத்தில் மேட் வாங்குவது, அதாவது ராஜா தப்ப வழியில்லாமல் மாட்டுகிற வரை ஆடுவது, வெட்கக்கேடு. மேட் வருவதை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுந்திருப்பதுதான் மரியாதை. எவ்வளவு சீக்கிரம் எழுந்தாயோ அவ்வளவு தூரம் பார்த்திருக்கிறாய் என்று அர்த்தம். அதனால் தோற்பதிலும் ஒரு பந்தா இருந்தது.

எண்பத்தாறாம் வருஷம் வசந்தத்தில் நகரக் கோப்பையின் கடைசி ஆட்டம் பணிமனை அரங்கிலேயே நடந்தது. வெள்ளைக்காய் ஆர்கதி, கறுப்புக்காய் ஹிக்மத். ஜெயிக்கிறவருக்குக் கோப்பை. சுவரில் பெரிய பலகையை மாட்டி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு ஓட்டுநர் குச்சியால் காய்களை மாற்றிக்கொண்டிருந்தார். ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆர்கதி தன் ராணியை எடுத்து, ஹிக்மத்தின் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை வெட்டி, அங்கேயே வைத்தார். வா, எடுத்துக்கொள் என்று ராணியை நீட்டியது போல.

ஹிக்மத் பார்த்தார். வெட்டாமல் ஒதுங்க ராஜாவுக்கு இடமில்லை, ராணியை வெட்டினால் யானை செக் கொடுக்கும். அதன் பின்னால் குதிரை குதிக்கும். அவ்வளவுதான், மேட். தெளிவாகத் தெரிந்தது. அவர் ராணியைத் தொடக்கூட இல்லை. ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு எழுந்து கைகொடுத்தார். கூடமே கைதட்டியது. பாதிக் கைதட்டல் தனக்குத்தான் என்று ஹிக்மத்துக்கு அப்போது தோன்றியது. சலீமோவ் வந்து இரண்டு பேரையும் கட்டிக்கொண்டார். மறுவாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் பலகைப் படத்தோடு ஆட்டம் வந்தது. ஆர்கதிக்குப் புகழ், ஹிக்மத்துக்குப் பட்டப்பெயர். அன்றிலிருந்து தேநீர்க்கடையில் அவர் ஒரு தப்பான காயை நகர்த்தினால் போதும், "படுக்க வெச்சிடுங்க அகா, உங்களுக்குப் பழக்கம்தானே" என்று அண்ணன் முறை வைத்தே யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை.

அந்த நாட்களை நினைத்தால் ஹிக்மத்துக்கு நெஞ்சில் என்னவோ செய்யும். அப்போதெல்லாம் ஒரு நிலையை எடுத்துக்கொண்டால் குளிர்காலம் முழுக்க அதை வைத்தே சண்டை போடலாம். யானை இங்கே வந்தால் ஜெயம் என்று ஒருவர் சொல்ல, இல்லை என்று இன்னொருவர் சொல்ல, நாலு பேர் ஒரே நேரத்தில் காய்களைப் பிடுங்கி நகர்த்த, கடைசியில் முதலில் எந்தக் காய் எங்கே இருந்தது என்பதே மறந்துபோகும். ஆர்கதி டப்பாவில் கேரட் சாலட் கொண்டுவருவார், நாக்கு எரியும் காரம். ஹிக்மத்தின் மனைவி மஸ்தூரா துணியில் சுற்றி சம்சா கொடுத்தனுப்புவாள். எல்லோரும் தப்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் சேர்ந்தல்லவா தப்பாகச் சொன்னார்கள். அந்தச் சுகம் சொன்னால் யாருக்குப் புரியும்?

பிறகு டிராலிபஸ் நின்றது. கம்பிகளை அவிழ்த்து விற்றுவிட்டார்கள். சலீமோவ் போய்ச் சேர்ந்தார். வட்டம் பூங்காத் தேநீர்க்கடைக்கு இடம்பெயர்ந்தது. ஓய்வு பெற்ற ஹிக்மத் சந்தையில் ஒரு பழைய மடிக்கணினியை வாங்கி, அதில் எஞ்சின் என்று சொல்கிற, சதுரங்கத்தை ஆராயும் மென்பொருள் ஒன்றை ஏற்றிக்கொண்டார். அன்று வந்தது இரண்டாவது பெயர்.

கடைக்கு அவர் பையோடு வந்தால் கூட்டம் கூடிவிடும். தங்கள் ஆட்டங்களை வரிசையாகச் சொல்வார்கள், அவர் ஏற்றுவார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை நிற்கும். வெள்ளைக்குச் சாதகமென்றால் வெள்ளை ஏறும், கறுப்புக்கென்றால் கறுப்பு ஏறும். பட்டைக்குக் கீழே எவ்வளவு சாதகம் என்று ஒரு எண், அதற்கும் கீழே அடுத்தடுத்து வரவேண்டிய நகர்த்தல்கள். எஞ்சினுக்குக் கோபமும் இல்லை, தாட்சண்யமும் இல்லை. குளிர்காலம் முழுக்க நடக்க வேண்டிய சண்டையை ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றுகிற நேரத்தில் முடித்துவைத்துவிடும். நீ சொன்னதும் தப்பு, அவன் சொன்னதும் தப்பு, சரியானது இதோ என்று ஒரு அம்புக்குறி. எல்லோரும் ஓ என்பார்கள். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. ஆர்கதி மட்டும் அந்தப் பக்கமே தலையைத் திருப்ப மாட்டார். செத்தவனுக்கு நாடி பார்க்கிற வேலை என்று சொல்லிவிட்டு, மூலையில் யாரோடாவது ஆடப் போய்விடுவார்.

ஊரார் ஆட்டத்தையெல்லாம் ஏற்றிய ஹிக்மத், தன்னுடைய அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் ஏற்றவேயில்லை. மனப்பாடமாகத் தெரியும், ஏற்றுவதற்கு நேரமும் ஆகாது. பயம்தான். ஆர்கதி செய்தது சரி என்று எஞ்சின் சொன்னால், தான் தோற்றவன், பழைய கதைதான். தப்பு என்று சொல்லிவிட்டால்? தோற்காத ஆட்டத்தில் ராஜாவைப் படுக்க வைத்தவன் ஆகிவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. தூங்குகிற நாயை எதற்குத் தட்டி எழுப்ப வேண்டும் என்று விட்டுவிட்டார்.

அப்படியே விட்டும் இருப்பார். ஆனால் போன இலையுதிர் காலத்தில், ஆர்கதி ஒரேயடியாகத் தென் கொரியாவுக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. மனைவி இறந்த பிறகு அவர் தனியாக இருந்தார். அங்கே அன்சான் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகள் லேனா, அப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள். வீடு விற்றாகிவிட்டது. ஆர்கதி இதைக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. ஹிக்மத்திடமும் சொல்லவில்லை. வீடு விற்றதை எங்கோ கேள்விப்பட்ட கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அதுதான் ஹிக்மத்தைச் சுட்டது. வீட்டுக்கு வந்தவர், திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, இத்தனை காலம் ஏற்றாத ஆட்டத்தை விறுவிறுவென்று ஏற்றினார். கோபத்தில் செய்த வேலை. பட்டை பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று நடுவிலேயே நின்றது. ஆர்கதியின் ராணி வந்து சிப்பாயை வெட்டியது. பட்டை முழுக்கக் கறுப்பாயிற்று.

ஹிக்மத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ராணியை வெட்டு என்றது எஞ்சின். யானை செக் கொடுக்கட்டும். அப்போது, பலகையின் அந்தக் கோடியில் தாக்குதலுக்குப் போயிருந்த கறுப்புக் குதிரை, பின்னால் வந்து யானைக்கும் ராஜாவுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். யானை அதை வெட்டினாலும் ராஜாவுக்கு ஒதுங்க ஒரு கட்டம் கிடைத்துவிடும். ராணியை இழந்த வெள்ளைக்கு அதன் பிறகு கதியே இல்லை. குதிரை முன்னால் பாய்வதைப் பார்க்கத்தான் மனிதக் கண் பழகியிருக்கிறது, பின்னால் வருவதை அது சட்டென்று பார்ப்பதில்லை. கூடத்தில் இருந்த ஒருவர்கூடப் பார்க்கவில்லை, சலீமோவ் உட்பட. ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், மரியாதை கருதி, ஹிக்மத் எழுந்து கைகொடுத்திருக்கிறார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இது வாய்க்குள் போனதைத் துப்பிய கதை. அன்றும் மறுநாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. புலாவை வைத்தால் அரிசியை ஒதுக்கிக் குதிரை வழி போட்டுக்கொண்டிருந்தார். ஆர்கதி போவதற்குள் சொல்லிவிட வேண்டும், அவர் வாயால் "நீ ஜெயிச்சிருக்க வேண்டியது" என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதே சமயம், வீட்டையும் ஊரையும் விட்டுப் போகிற மனுஷனிடம் மிச்சமிருக்கிற ஒரே கோப்பையைப் பிடுங்கவா என்றும் இருந்தது. மஸ்தூரா பொறுத்துப் பார்த்தாள்.

"சொல்லணும்னா போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள். "இல்லேன்னா அவர் போனப்புறம், ஆயுசு பூரா என்னை உட்கார வெச்சு இந்தக் குதிரைக் கதையைச் சொல்லுவீங்க. எனக்குத் தெம்பில்ல."

ஆர்கதி புறப்படுகிற நாள் காலையில் ஹிக்மத் பையை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் மல்பெரி மரத்தடியில் விமானத்துக்காகத் தாஷ்கண்ட் போகிற கார் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மலைப்பாதையை இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். லேனா ஹிக்மத்தைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை என்றாள். உள்ளே கம்பளமும் இல்லை, திரையும் இல்லை. வெறும் அறையில் ஒரு ஸ்டூலும், விலைபோகாத ஒரு மேசையும், ஆர்கதியும்தான் மிச்சம்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?" என்றார் ஹிக்மத்.

"சொன்னா நீ வருவே. வந்தா நான் போகமாட்டேன். அதான்" என்றார் ஆர்கதி.

இப்படிப்பட்ட நேரத்தில் மனிதன் கையில் இருப்பதைத்தானே நீட்டுவான். ஹிக்மத் மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தார். பழைய ஆட்டத்தை ஏற்றிப் பார்த்ததையும், கறுப்பு ஜெயிக்கிறது என்று வந்ததையும், குதிரையைப் பற்றியும் கடகடவென்று சொல்லி முடித்தார். சொல்லும்போதே, இதை ஏன் சொல்கிறோம் என்று இருந்தது.

ஆர்கதி திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஏணி வண்டியின் உச்சியில் நின்ற காலத்தைப் போலவே, மனசுக்குள் பலகையைப் பார்த்தார். "குதிரை பின்னாடி வருதா?" என்றார். முகம் ஒரு கணம் வாடிப்போனதை ஹிக்மத் பார்த்தார், வந்திருக்கவே வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் ஆர்கதி கண்ணைத் திறந்தபோது அதில் பழைய குறும்பு இருந்தது.

"சரி. அது பார்த்துச்சு. நீ பார்த்தியா?"

"பார்க்கல."

"அப்ப எப்படி நீ ஜெயிச்சதா ஆகும்? அந்த டப்பாவை மூடு. லேனா, காய்ப் பெட்டி எந்த மூட்டையில இருக்கு? எடுத்துட்டு வா. இவன் குதிரையைப் பின்னாடி கொண்டாந்து எப்படி ஜெயிக்கிறான்னு பார்த்துட்டுத்தான் நான் வண்டியேறுவேன்."

கட்டிய மூட்டையை லேனா அவிழ்த்தாள். அவளுக்கும் இது புதிதல்ல, பணிமனை வட்டத்தில் மேசைக்கடியில் தவழ்ந்து வளர்ந்தவள். இரண்டு கிழவர்களும் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு காயும் பிசகாமல், எண்பத்தாறாம் வருஷத்து நிலையை அடுக்கினார்கள். ஆர்கதி ஸ்டூலை நண்பருக்குக் கொடுத்துவிட்டுக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார்.

ஹிக்மத் ராணியை வெட்டினார். யானை செக். குதிரை பின்னால் வந்து நின்றது. இத்தனை வருஷம் கழித்து அது வரவேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டது. இனி யானை குதிரையை வெட்டும், ராஜா ஒதுங்கும், அதன் பிறகு வருவதெல்லாம் ஹிக்மத்துக்கு மனப்பாடம்.

ஆர்கதி குதிரையை வெட்டவில்லை. நிறைய நேரம் யோசித்துவிட்டு, பக்கத்திலிருந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். எஞ்சின் காட்டிய வரிசையில் அந்தச் சிப்பாய் இல்லவே இல்லை. ஒருவேளை மட்டமான நகர்த்தலாகவும் இருக்கலாம். ஏன் மட்டம் என்று சொல்லத்தான் இப்போது பட்டையும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. ஹிக்மத் தன் சொந்தத் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒரு பொழுது போல அவர் வாழ்க்கையில் வந்து வெகுகாலம் ஆயிற்று. இரண்டு பேரும் முனகினார்கள், நெற்றியைத் தேய்த்தார்கள், ஒருவரை ஒருவர் திட்டினார்கள். லேனா கட்டிவைத்த சாப்பாட்டைப் பிரித்து வைத்தாள். அதிலிருந்த கேரட் சாலட்டை யார் தின்றார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் கார் ஒலியெழுப்பியது. ஹிக்மத்திடம் ராணி இருந்தது, ஆர்கதியிடம் இல்லை. ஆனாலும் அந்தச் சிப்பாய் வந்து வந்து ராஜாவின் கதவை அடைத்தது, ஆர்கதியின் இரண்டு யானைகளும் ஒரே வரிசைக்கு வந்தன. ஜெயித்த ஆட்டம் ஹிக்மத்தின் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவருக்கே தெரிந்துவிட்டது, ஆட்டம் போயிற்று. எஞ்சின் கொடுத்த வெற்றியை வைத்துக்கொண்டும் அவர் தோற்றுவிட்டார்.

ஆர்கதி பின்னால் சாய்ந்து, கைகொடுக்கத் தயாராக வலது கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். ராஜா படுக்கும் என்று பார்த்தார். படுக்கவில்லை. ஹிக்மத் ஒரு சிப்பாயைத் தள்ளினார்.

"டேய், என்ன பண்றே?" என்றார் ஆர்கதி. "முடிஞ்சுபோச்சு. எழுந்திரு."

"எழுந்திருக்கமாட்டேன்."

"சலீமோவ் பார்த்தா காறித் துப்புவாரு."

"துப்பட்டும். ஒரு தடவை சீக்கிரம் எழுந்துட்டேன். இன்னிக்கு நீ மேட் வெச்சாத்தான் எழுந்திருப்பேன். நான் எழுந்திருச்சா நீ போயிடுவே."

கடைசி வாக்கியம் வாய் தவறி வந்துவிட்டது. சொல்லிவிட்டுப் பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதை ஆர்கதி பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்க்காமல் இருப்பாரா?

ஆர்கதி யானையைத் தூக்கினார். நேராகக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில் வைத்தால் மேட். சின்னக் குழந்தைக்கும் தெரியும் மேட். யானையைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்பதால், அதைப் பக்கத்துக் கட்டத்தில், எதற்கும் உதவாத ஓர் இடத்தில் வைத்தார்.

"மேட் இருந்துச்சே" என்றார் ஹிக்மத்.

"எங்க? எனக்குத் தெரியலையே. வயசாயிடுச்சுடா."

ஹிக்மத் தன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். அங்கேயும் மேட் காத்திருந்தது. ஆர்கதி ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். ஹிக்மத் ராஜாவைப் பழைய கட்டத்துக்கே கொண்டுவந்தார். ஆர்கதி யானையை எடுத்து, பழைய இடத்திலேயே வைத்து, அதே மேட்டை மறுபடியும் பார்க்காமல் விட்டார். அந்த ஆட்டத்தை எஞ்சினில் ஏற்றியிருந்தால், இருவரின் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில், படுமோசம் என்று, இரட்டைக் கேள்விக்குறி போட்டிருக்கும்.

நேரமாகிவிட்டது என்று சொல்ல லேனா அறைக்குள் வந்தாள். வந்தவள் பலகையைப் பார்த்தாள். மேட் அவளுக்கும் தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், ஹிக்மத்தின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், யார் ஜெயிக்கிறார்கள் என்று ஓட்டுநர் எரிச்சலோடு கேட்டார்.

"ரெண்டு பேருமே தோத்துக்கிட்டிருக்காங்க" என்றாள் லேனா. "கொஞ்சம் இருங்க அகா."

ஓட்டுநர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மரத்து நிழலில் போய் உட்கார்ந்தார்.